பழைய காரில் பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகல்: கசிவைக் கண்டுபிடிப்பது முதல் காற்று நீக்குவது வரை

பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகுகிறது என்று பழைய கார் ஒன்றை ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், பல இடங்களில் முதலில் காதில் விழுவது “ரேக் போயிடுச்சு சார்” என்ற வார்த்தைதான். ஸ்டியரிங் திருப்புவதை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் ரேக்தான் இந்த அமைப்பிலேயே விலை கூடிய உறுப்பு. கழற்றி மாட்டும் கூலியும் அதற்குத்தான் அதிகம். ஆனால் பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய காரில் ஒழுகும் இடம் ஒரு தளர்ந்த கிளிப்பாகவோ, இறுகிப்போன ரப்பர் ஹோஸாகவோ, மிகக் குறைந்த விலையுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமாகவோ இருப்பது சாதாரணம். ஆயில் கசியும் இடமும் அது சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. மேலே பம்பின் அருகில் கசிந்த ஆயில் பைப்பின் மீது வழிந்து, ரேக்கின் மேல் படிந்து, அங்கிருந்து தரையில் சொட்டும். காரின் அடியில் குனிந்து பார்ப்பவருக்கு ரேக்கே ஒழுகுவதாகத் தோன்றும். எனவே இந்த வேலையில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. ரேக்கை மாற்றும் முடிவைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

கடலூர், புதுச்சேரிக் கரையில் கார் வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக இரண்டு சங்கடங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் தேவனாம்பட்டினம் போன்ற பகுதிகளிலும் வீசும் உப்புக் காற்று, ஸ்டியரிங் பைப்பின் இரும்புப் பகுதியை கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களைவிட வேகமாகத் துருப்பிடிக்கச் செய்கிறது. மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரோ கிழிந்த ரப்பர் பூட் (ரேக்கின் முனையை மூடும் உறை) வழியாக ரேக்குக்குள் புகுந்துவிடுகிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டே கீழே உள்ள சோதனைகளைச் செய்ய வேண்டும்.

ஒழுகுவது எந்த ஆயில்?

முதலில் உங்கள் காரில் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மாருதி எஸ்டீம், முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஆக்சென்ட், ஃபோர்டு ஐகான், டாடா இண்டிகா, குவாலிஸ், பழைய இன்னோவா, பழைய ஸ்கார்பியோ போன்ற வண்டிகளில் பவர் ஸ்டியரிங் உள்ள மாடல்கள் பெல்ட்டில் ஓடும் பம்பையும் ஆயிலையும் கொண்டவை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த சிறிய கார்களில் பெரும்பாலானவை மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டியரிங் கொண்டவை. அவற்றில் ஒழுகுவதற்கு ஸ்டியரிங் ஆயிலே கிடையாது. பேனட்டைத் திறந்தால் ஸ்டியரிங் சக்கரப் படம் போட்ட மூடியுடன் ஒரு சிறிய டப்பா தெரிகிறதா என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். மெக்கானிக்குகள் இதை ரிசர்வாயர் என்பார்கள்.

இரவு காரை நிறுத்தும்போது என்ஜினுக்கு அடியில் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, முன்சக்கரங்கள் இரண்டும் எந்த இடத்தில் நின்றன என்று அதில் பென்சிலால் குறித்துவையுங்கள். காலையில் அட்டையில் விழுந்திருக்கும் கறையின் நிறமும் இடமும் நிறையச் சொல்லும். சிவப்பாகவோ, பழையதாகிப் பழுப்பேறிய சிவப்பாகவோ, மெல்லியதாக வழவழவென்றும் இருந்தால் ஸ்டியரிங் ஆயிலாக இருக்கலாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் கியர்பாக்ஸ் ஆயிலும் இதே நிறம்தான். கறுத்துத் தடித்திருந்தால் என்ஜின் ஆயில். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, தண்ணீர்போல ஓடிப் பிசுபிசுத்தால் கூலன்ட். இடப்பக்கம் தேங்கிய வெறும் தண்ணீர் பெரும்பாலும் ஏசியிலிருந்து வருவது. அதற்குக் கவலை வேண்டாம். இவற்றோடு ரிசர்வாயரின் அளவும் நாளுக்கு நாள் இறங்கினால் இனிச் சந்தேகம் இல்லை.

ஆயில் வகையில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய கார்களில் பல, டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் ஆயிலையே (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஸ்டியரிங்குக்கும் ஏற்கின்றன. ஹோண்டா தனக்கென்று தனி ஸ்டியரிங் ஆயிலைக் கேட்கிறது. சில ஜெர்மன் கார்கள் பச்சை நிறச் செயற்கை ஆயிலைக் கேட்கின்றன. ரிசர்வாயர் மூடியிலும் காரோடு வந்த கையேட்டிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றுவது மட்டும் ஒருபோதும் கூடாது. இந்த அமைப்பில் உள்ள ரப்பர் சீல்கள் அதைத் தாங்கா. உப்பிப்போய், சிறிய கசிவாக இருந்தது எல்லா இடத்திலும் ஒழுகலாகிவிடும்.

கசிவு கண்டுபிடிக்கப்படும் வரை ஆயிலை அளவு பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். டப்பா காலியான நிலையில் ஓட்டக் கூடாது. பம்பின் உள்ளே சுழலும் தகடுகளுக்கு அந்த ஆயிலே உயவு. ஆயிலில்லாமல் சுற்றினால் பம்ப் தேய்ந்து, அந்த உலோகத் துகள் ரேக்குக்குள்ளும் போய்ச் சேரும். சூடான சைலன்சர் குழாயின் மேல் சொட்டுகிறது என்றால் ஓட்டவே வேண்டாம். அது தீப்பிடிக்கக்கூடிய ஆயில்.

கழுவி, துடைத்து, கண்டுபிடித்தல்

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, ரிசர்வாயர், பம்ப், பைப்புகள், ரேக் அனைத்தையும் டிகிரீசர் தெளித்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். டீசலால் கழுவும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது ரப்பர் ஹோஸுக்கும் பெல்ட்டுக்கும் நல்லதல்ல, அதோடு எண்ணெய்ப் பசையை மிச்சம் வைத்து, புதுக் கசிவையும் பழைய அழுக்கையும் பிரித்தறிய முடியாமல் செய்துவிடும். கழுவிய இடம் முழுவதும் உலர வேண்டும்; இந்தக் கரையின் ஈரப்பதத்தில் அதற்கு அரை நாள் வெயில் தேவைப்படலாம்.

காரை ஜாக்கியால் தூக்கினால் கட்டாயம் ஸ்டாண்டு வைக்க வேண்டும். செங்கல் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். வீட்டு வாசல் மணல் தரையாக இருந்தால் ஸ்டாண்டின் அடியில் தடித்த பலகை போடுங்கள். நம் ஊர் மணலில் ஸ்டாண்டின் கால்கள் சாய்ந்து இறங்கிவிடும்.

பேட்டரியை மீண்டும் இணைத்து, ரிசர்வாயரைச் சரியான அளவுக்கு நிரப்பி, வீட்டில் ஒருவரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து என்ஜினை ஓட விடுங்கள். அவர் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. அந்தக் கோடியில்தான் பம்பின் அழுத்தம் உச்சத்துக்கு ஏறுகிறது, பல கார்களில் அது 70 பார் அளவைத் தாண்டும். சும்மா நிற்கும்போது காய்ந்திருக்கும் இணைப்பு அந்த ஒரு கணத்தில்தான் கசியும். நீங்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலிருந்து கீழாகப் பார்த்து வாருங்கள். துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகில் வரக் கூடாது. ஓடும் என்ஜினில் பிரஷர் ஹோஸைக் கையால் தடவிக் கசிவு தேடவும் கூடாது. ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது; மேலே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம். ஒரு அட்டைத் துண்டை அருகில் காட்டுங்கள், ஆயில் இருந்தால் அட்டையில் தெரியும்.

இதில் எதுவும் தெரியாவிட்டால், என்ஜினை நிறுத்தி, இணைப்பு ஒவ்வொன்றையும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள். மிக மெதுவான கசிவு ஹோஸும் இரும்பும் சேரும் இடத்தில் ஒரு சிவப்புக் கோடாக, மயிரிழை அகலத்தில், காகிதத்தில் பதியும். ஈரமாக இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ரிசர்வாயரும் ரிட்டர்ன் ஹோஸும்

ரிசர்வாயரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸிலும், ரேக்கிலிருந்து திரும்பி வரும் ஹோஸிலும் அழுத்தம் குறைவு. என்ஜின் சூட்டில் பல ஆண்டு கிடந்த ரப்பர், விரலால் அழுத்தினால் அமுங்காத அளவுக்கு இறுகிவிடும். அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கிளிப்பும் தன் இறுக்கத்தை இழந்திருக்கும். ரிசர்வாயரில் இருக்கும் ஆயிலைப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஹோஸைத் திருகி இழுத்துக் கழற்றுங்கள். ஹோஸ் மென்மையாக இருந்து நீளமும் மிச்சம் இருந்தால், முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதிய திருகு கிளிப் போட்டு மாட்டலாம். இறுகியிருந்தால் மாற்றிவிடுவதே சரி. கடையில் கேட்கும்போது ஸ்டியரிங் ரிட்டர்ன் ஹோஸ் என்றே கேளுங்கள். தண்ணீர் ஹோஸ் இந்த ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

பம்புக்குப் போகும் ஹோஸில் பழுது இருந்தால் ஆயில் ஒழுகாமலும் போகலாம். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம் என்பதால் ஆயில் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ஸ்டியரிங் திருப்பும்போது முனகல் சத்தமும் ரிசர்வாயரில் நுரையும் இருந்தால் அந்த ஹோஸையும் அதன் கிளிப்பையும் மாற்றுங்கள்.

பிரஷர் ஹோஸ்

இந்தக் கரையில் நான் முதலில் சந்தேகப்படும் இடம் இதுதான். பம்பிலிருந்து ரேக்குக்குப் போகும் இந்தப் பைப்பில் நடுவில் ரப்பரும் இரு பக்கமும் இரும்பும் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் உலோகக் குப்பி ஒன்று அழுத்திக் கிரிம்ப் செய்யப்பட்டிருக்கும். கசிவு அந்தக் குப்பியின் விளிம்பில் தொடங்கும். இல்லையென்றால் பைப்பை பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்பின் அடியில் தொடங்கும். கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால்தான் இரண்டாவது தெரியும்: வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும், கிளாம்பு ரப்பருக்குள் உப்பு ஈரம் தேங்கி, பைப் செதில் செதிலாக உரிந்து மெலிந்திருக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் ஆயில் குளிர்விக்கும் பைப் வளையம் உள்ள வண்டிகளில் அதையும் இதே கண்ணோடு பாருங்கள்.

இந்த ஹோஸில் கிளிப் போட்டு இறுக்குவதோ, எம்சீல் பூசுவதோ தீர்வல்ல. அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு வரும். புது ஹோஸ் கிடைத்தால் அதுவே நல்லது. பழைய மாடல்களுக்குக் கிடைக்காதபோது, ஜேசிபிக்கும் படகு வின்ச்சுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்து தரும் கடைகளில், இரும்பு முனைகள் நல்ல நிலையில் இருந்தால் நடு ரப்பரை மட்டும் மாற்றித் தருவார்கள். அங்கே இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கனரக இயந்திரத்துக்குப் போடும் கம்பி பின்னிய ஹோஸ் விறைப்பானது. பம்பின் துடிப்பை அது உள்வாங்காது, ஸ்டியரிங் சக்கரத்தில் அதிர்வும் சத்தமும் வரும். ஆகவே பவர் ஸ்டியரிங்குக்கு என்றே செய்த ஹோஸைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது, ஹோஸைக் கழற்றும் முன்பே இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கின்றன என்று ரப்பரின் நெடுக ஒரு பெயின்ட் கோடு போட்டு, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கோணம் மாறிக் கிரிம்ப் செய்தால் ஹோஸ் முறுக்கிக்கொண்டு நிற்கும். முறுக்கிய ஹோஸ் அதிக நாள் உழைக்காது.

கழற்றும்போது துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். சாதாரண ஸ்பானர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். ஃபிளேர் நட் ஸ்பானர் ஐந்து பக்கத்தைப் பிடிப்பதால் வழுக்காது. எதிர்ப்பக்கத்தை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளாமல் திருப்பினால் பைப்பே முறுக்கி உடைந்துவிடும். பாஞ்சோ போல்ட் (நடுவே ஆயில் போகும் துளையுள்ள போல்ட்) உள்ள பம்புகளில் இரு பக்கமும் இருக்கும் செப்பு வாஷர்களைத் திரும்பப் போடாமல் புதியதே போடுங்கள். ஓ-ரிங் உள்ள இணைப்பில் பழைய ஓ-ரிங்கைக் கடைக்கு எடுத்துச்சென்று, ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் அதே அளவைப் பார்த்து வாங்கி, ஸ்டியரிங் ஆயில் தடவி மாட்டுங்கள். இணைப்பை முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றி, மரை நேராகப் பிடித்திருப்பது உறுதியான பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும்.

பம்ப்

புல்லியைச் சுற்றி ஆயில் வட்டமாகத் தெறித்து, பெல்ட்டும் நனைந்திருந்தால் பம்பின் முன்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள். புல்லியைச் சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள். அந்த அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே போய்த் தகடுகளையும் பேரிங்கையும் கெடுக்கும். அழுத்தி ஏற்றிய புல்லிக்கு அதற்குரிய புல்லர் வேண்டும். இல்லையென்றால் பம்பைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது. சீலை எடுத்தபின் ஷாஃப்டின் மீது நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலோ, ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தாலோ புது சீல் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். அப்போது பம்பையே மாற்ற வேண்டும். நல்ல நிலையில் இருந்தால், சீலின் மேல் அச்சிட்டிருக்கும் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் ஆகிய மூன்று எண்களையும் பார்த்துப் புதியது வாங்குங்கள். ஸ்பிரிங் உள்ள உதடு ஆயில் பக்கம் நோக்க வேண்டும். ஷாஃப்ட் முனையின் கூர்மை உதட்டைக் கிழிக்காமல் இருக்க, மெல்லிய டேப் சுற்றி அதன்மேல் சீலை இறக்கி, பின்பு டேப்பை உருவிவிடுங்கள். ஆயிலில் ஊறிய பெல்ட்டைத் துடைத்துப் போடாமல் மாற்றிவிடுங்கள். பல பழைய கார்களில் அதே பெல்ட்தான் வேறு உறுப்பையும் ஓட்டுகிறது.

ரேக்

மேலே சொன்ன எல்லாம் காய்ந்திருக்கிறது என்று உறுதியான பிறகுதான் ரேக்குக்கு வர வேண்டும். ரேக்கின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக ரப்பர் பூட் இருக்கும். உட்புறக் கிளிப்பை அவிழ்த்துப் பூட்டைச் சற்றே விலக்கினால், கொஞ்சம் கிரீஸ் இருப்பது இயல்பு. ஆயில் குடுகுடுவென்று வழிந்தால் உள் சீல் போயிருக்கிறது. சில வண்டிகளில் இரண்டு பூட்டையும் ஒரு காற்றுக் குழாய் இணைப்பதால், ஒரு பக்கம் ஒழுகுவது மறுபக்கத்திலும் தெரியலாம். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில், ஸ்டியரிங் தண்டு இறங்கும் துளையருகே ஆயில் ஈரம் தெரிந்தால் ரேக்கை நகர்த்தும் பல்சக்கரமான பினியனின் மேல் சீல் போயிருக்கும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பகுதிகளில் புகுந்தது. அந்த வெள்ளத்தில் சக்கரம் மூழ்க நின்ற கார் உங்களுடையது என்றால் ரேக்கின் ரப்பர் பூட்களை இப்போதே விலக்கிப் பாருங்கள். கிழிந்த பூட்டுக்குள் போன தண்ணீர் ரேக் தண்டில் துருப்புள்ளிகளை உண்டாக்கும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு திருப்பத்திலும் அரம்போல சீலின் உதட்டை அராவும். ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள நம் கார்களில் பெரும்பாலும் பல் வெட்டிய பகுதி வலப்பக்கம் இருப்பதால், இடப்பக்கத்துப் பளபளப்பான தண்டுதான் முக்கியம். ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பி அந்தத் தண்டை வெளியே வரவைத்து, துடைத்து, நகத்தால் நெடுக வருடிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சீல் கிட் போட்டுச் சரிசெய்யலாம். சொரசொரப்பு தட்டினால் சீல் கிட்டுக்குச் செலவழிக்காதீர்கள். தண்டை மாற்றவோ, நம்பகமான இடத்தில் புதுப்பித்த ரேக் வாங்கவோ வேண்டும். பூட் கிழிந்து உள்ளே இன்னும் துரு ஏறாமல் இருந்தால், புது பூட் போடுவது இந்த முழு வழிகாட்டியிலேயே மிக லாபகரமான வேலை.

ரேக்கைப் பிரிப்பதை வீட்டில் செய்ய நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே டெஃப்லான் வளையங்களைப் பொருத்தத் தனிக் கருவிகள் வேண்டும். இறக்கி ஏற்றும் வேலையைச் செய்யலாம். ஸ்டியரிங் சக்கரத்தை நேராக வைத்து சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள்; ரேக்கிலிருந்து விடுபட்ட சக்கரம் இஷ்டத்துக்குச் சுழன்றால், ஏர்பேக் உள்ள கார்களில் அதன் கீழிருக்கும் சுருள் கம்பி அறுந்துவிடும். ஸ்டியரிங் தண்டு இணைப்பிலும், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனைகளின் மரையிலும் பெயின்டால் குறி இடுங்கள்.

ஆயில் நிரப்பிக் காற்றை நீக்குதல்

பல சிறிய கார்களுக்கு மொத்தம் ஒரு லிட்டர் அளவு ஆயில் பிடிக்கும். பழைய ஆயிலைக் கழுவி வெளியேற்ற இரண்டு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் ஸ்டாண்டில் இருக்கட்டும். ரிட்டர்ன் ஹோஸை ரிசர்வாயரிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ரிசர்வாயரின் திறந்த வாயை அடைத்து, புது ஆயிலை ஊற்றியபடியே என்ஜினை ஓட்டாமல் ஸ்டியரிங்கைக் கோடியிலிருந்து கோடிக்குத் திருப்பச் சொல்லுங்கள். பாட்டிலில் தெளிந்த ஆயில் வரத் தொடங்கியதும் ஹோஸை மீண்டும் மாட்டுங்கள்.

அடுத்து, என்ஜின் ஓடாமலேயே பதினைந்து, இருபது முறை மெதுவாக இரு கோடிக்கும் திருப்ப வேண்டும். ரிசர்வாயரில் குமிழி வருவது நிற்கும் வரை அளவைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருங்கள். இந்தப் படியைத் தாண்டி நேராக ஸ்டார்ட் செய்பவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் பம்ப் காற்றை ஆயிலோடு கடைந்துவிடும். ஆயில் ரோஸ் மில்க் நிறத்தில் நுரைத்து நிற்கும். அந்த நிலை வந்துவிட்டால் என்ஜினை நிறுத்தி, நுரை முழுவதும் அடங்கும் வரை ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டுத் தொடருங்கள். குமிழி நின்றபின் என்ஜினை ஐடிலில் ஓட்டி, கோடியில் பிடிக்காமல் சில முறை திருப்பி, காரை இறக்கி, ஆறிய நிலைக்கான குறியில் அளவை நிறுத்துங்கள். சூடேறினால் ஆயில் விரியும் என்பதால் அதற்குமேல் ஊற்ற வேண்டாம்.

லீக்கை அடைக்கும் என்று டப்பாவில் விற்கும் திரவங்கள் பெரும்பாலும் ரப்பர் சீலைச் சற்று உப்பவைத்து வேலை செய்பவை. சிறிதே சுருங்கிய சீலுக்கு அது கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்; வெடித்த ஹோஸுக்கும் துருப்பிடித்த பைப்புக்கும் புள்ளி விழுந்த தண்டுக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை. ரேக் வேலைக்குப் பணம் சேரும் வரையில் மட்டும் அதை நினைக்கலாம்.

டை ராடைத் தொட்டிருந்தால் அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறையும், ஒரு வாரம் கழித்து ஒருமுறையும் வெள்ளை அட்டையை அடியில் விரித்துச் சோதியுங்கள். கழுவிய உறுப்புகள் காய்ந்திருக்கின்றனவா என்று டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். புதிதாகப் போட்ட இரும்புப் பைப்பில், கிளாம்பு உட்காரும் இடத்தையும் சேர்த்து, துரு தடுக்கும் மெழுகு ஸ்பிரே அடித்து, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதைப் புதுப்பியுங்கள். எடுத்த பழைய ஆயிலை மணலிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், மூடியிட்ட கேனில் அடைத்து, கழிவு ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப் டிரம்மில் கொடுத்துவிடுங்கள்.